வேலூரிலிருந்து புதுச்சேரி: மூன்று நாள் கடற்கரைப் பயணத்துக்கு முழு வழிகாட்டி

பாலாற்றங்கரையில் வளர்ந்த நமக்குக் கடல் மேல் தனி ஆசை உண்டு. வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றையே பார்த்துப் பழகியவர்கள் கடலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடத்தான் செய்வோம். அந்த ஆசையில்தான் சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மே மாதச் சனிக்கிழமை, எந்தத் திட்டமும் இல்லாமல் பாகாயத்திலிருந்து வீட்டோடு ஏழு பேர் புதுச்சேரிக்குக் கிளம்பினோம். போய்ச் சேரும்போது பகல் பன்னிரண்டரை. நேராகக் கடற்கரைக்கே வண்டியை விட்டோம். பத்து நிமிஷம்கூட நிற்க முடியவில்லை. அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது, அக்கா பையன்கள் இரண்டு பேரும் மணல் சுட்டு அழுதுகொண்டு திரும்பி ஓடி வந்தார்கள், அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக் கிடந்தோம். சாயங்காலம் எல்லாருக்கும் தெம்பு போய்விட்டது.

அதற்குப் பிறகு பலமுறை போய் வந்துவிட்டேன். தெரிந்துகொண்டது ஒன்றுதான்: கடலோர ஊருக்கு வெயிலின் நேரத்தை வைத்துத் திட்டம் போட வேண்டும். எந்தெந்த இடம் பார்க்கப் போகிறோம் என்ற பட்டியல் அதற்கு அப்புறம்தான். காலை ஐந்தரை முதல் எட்டரை வரையும், சாயங்காலம் நாலரைக்கு மேலும் கடலுக்கு. நடுவில் உள்ள எட்டு மணி நேரம் கூரைக்குக் கீழே. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மாதம், அறை, வண்டி, சாப்பாடு எல்லாம் அதன்படி தானாக அமைந்துவிடும்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்வது

நம்மூர் வெயிலைத் தாங்குகிறவனுக்கு எந்த ஊர் வெயிலும் பெரிதில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தப்பு. வேலூர் வெயில் வறண்ட வெயில், வியர்வை வந்த வேகத்தில் காய்ந்து உடம்பு கொஞ்சம் ஆறிவிடும். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது, உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வெப்பமானியில் நம்மூரைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகக் காட்டினாலும் உடம்பு அதிகமாகத் துவளும்.

பகலில் தரை சூடாகி, அதன் மேல் உள்ள காற்று மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். இந்தக் கடற்காற்றுதான் கடலோர ஊரைக் காப்பாற்றுகிறது. மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து அனல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும், அப்போது புதுச்சேரியிலும் நம்மூர் போலவே கொளுத்தும். அதனால் அக்னி நட்சத்திரத்தில் குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பள்ளி விடுமுறை அப்போதுதான் என்றால் ஏப்ரல் முதல் பாதியில் முடித்துக்கொள்ளப் பாருங்கள்.

என் கணக்கில் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை மிக நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரையும் போகலாம், பகலில் வெயில் இருந்தாலும் சில நாள் சாயங்காலம் மழை பெய்து ஊரைக் குளிர்வித்துவிடும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்தச் சமயத்தில் முன்பணம் கட்டி அறை எடுக்கும் முன் நன்றாக யோசியுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி ஊரே தண்ணீரில் நின்றது. போகத்தான் வேண்டுமென்றால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து எடுங்கள், நாலு நாள் முன்னாலிருந்தே வானிலை அறிக்கையைக் கவனியுங்கள்.

மீன் சாப்பிடவே போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சிறிய படகுகளில் பிடித்து வரும் மீன் கிடைக்கும், ஆனால் வகை குறைவு, விலை கூடுதல். கோடை விடுமுறையில் போய்விட்டு வஞ்சிரம் இவ்வளவு விலையா என்று மலைக்கிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போலக் கடல் இல்லாத ஊரிலிருந்து போகிறவர்கள்தான்.

இரண்டாம் படி: கிழமையும் நாளும்

வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு வரை சென்னை, பெங்களூரு கூட்டம் முழுக்க அங்கே இருக்கும். அறை வாடகையும் ஏறும். முடிந்தால் செவ்வாய், புதன், வியாழன் என்று எடுங்கள். திங்கட்கிழமை புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி வாரத்திலும், புத்தாண்டிலும், ஆகஸ்ட் 15ஐ ஒட்டியும் கூட்டம் தாங்காது. ஆகஸ்ட் 15 சுதந்திர தினம் மட்டுமல்ல, ஸ்ரீ அரவிந்தர் பிறந்த நாளும் அதுதான். காந்தி வீதியில் கூடும் ஞாயிற்றுச் சந்தைக்காகவே போகிறவர்கள் மட்டும் ஞாயிறு இருப்பது போலப் போட்டுக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது பௌர்ணமி. கிழக்குக் கடல் என்பதால் சூரியன் கடலில் உதிக்கும், ஊர்ப்பக்கம் மறையும். கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். அதற்குப் பதில் பௌர்ணமியன்று பொழுது சாயும் நேரத்தில் நிலா கடலிலிருந்து செம்பழுப்பாக எழும்பி, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, தண்ணீர் மேல் ஒரு நீளப் பாதை போட்டுக்கொண்டு கரை வரை வரும். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆனால் நம்மூரிலிருந்து போகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் திருவண்ணாமலை வழி பஸ்ஸும் ரயிலும் நிரம்பி வழியும். அன்றைக்கு அந்த வழியைத் தொடாதீர்கள்.

மூன்றாம் படி: எந்த வழியில் போவது

சொந்தக் காரென்றால் கண்ணமங்கலம், ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம், புதுச்சேரி என்ற வழிதான் நல்லது. சுமார் 150 முதல் 160 கிலோமீட்டர். நடுவில் நிற்காமல் போனால் மூன்றரை மணி நேரம், நின்று போனால் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். ஆரணியில் டிபன் முடித்தால் எட்டரைக்குள் செஞ்சி வந்துவிடும்.

செஞ்சியில் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். 2025 ஜூலையில் மராட்டியர் ராணுவக் கோட்டைகள் வரிசையில் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கோட்டை அது. ராஜகிரி உச்சிக்கு ஏறும் எண்ணம் இந்தப் பயணத்தில் வேண்டாம், அதற்கே அரை நாள் ஆகும், கால் வலியோடு கடலுக்குப் போக நேரும். கீழே கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்தால் போதும். பிள்ளைகளுக்கு ராஜா தேசிங்கு கதையை அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள். ஆற்காட்டு நவாப்போடு போரிட்டு தேசிங்கு இறந்ததும் அவர் மனைவி உடன்கட்டை ஏறினார், அந்த ராணியின் நினைவாகத்தான் நம் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். நம்ம ஊர்ப் பெயரின் கதை இங்கே கிடக்கிறது என்று தெரிந்ததும் அக்காவின் பெரிய பையன் கோட்டை மதிலை வேறு கண்ணோடு பார்த்தான்.

பஸ்ஸென்றால் வேலூர் புதிய பஸ் நிலையத்திலிருந்து புதுச்சேரிக்கு நேர் பஸ் உண்டு. அது கிடைக்காவிட்டால் திண்டிவனம் போய் மாறுங்கள், அங்கிருந்து நிறைய வண்டி. ரயிலென்றால் காட்பாடியிலோ வேலூர் கன்டோன்மென்ட்டிலோ ஏறித் திருவண்ணாமலை வழியாக விழுப்புரம், அங்கே இறங்கி ஒரு மணி நேரம் பஸ். டிக்கெட் மலிவு, ஆனால் மூட்டை முடிச்சோடு மாறி ஏற வேண்டும். வயதானவர்கள் இருந்தால் நான் ரயிலைச் சொல்ல மாட்டேன்.

வாடகை வண்டி பேசினால், புதுச்சேரிக்குள் நுழையும் பர்மிட் செலவு யாருடையது, டிரைவர் இரவு தங்கும் படி எவ்வளவு, அங்கே ஊர் சுற்றும் கிலோமீட்டர் கணக்கில் சேருமா என்ற மூன்றையும் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

நான்காம் படி: அறை

இதில் நாங்கள் ஒருமுறை பட்டுவிட்டோம். படத்தில் ஜன்னலுக்கு வெளியே நீலக் கடல். போய்ப் பார்த்தால் ஜன்னலைத் திறந்ததும் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கேட்டதற்கு மாடியில் ஏறி நின்றால் கடல் தெரியும் என்றார்கள். அதிலிருந்து முன்பணம் கட்டும் முன்பே போன் போட்டு, கொடுக்கப்போகும் அறையின் ஜன்னலிலிருந்து எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். நல்ல இடத்தில் உடனே அனுப்பிவிடுகிறார்கள்.

கடல் தெரிகிறதா என்பதைவிடக் கடற்கரைக்கு நடந்து போக முடியுமா என்பதுதான் முக்கியம். காலை ஐந்தரைக்குக் கடலில் இருக்க வேண்டும், எட்டரைக்குத் திரும்ப வேண்டும், சாயங்காலம் மறுபடி போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆட்டோ தேடினால் பணமும் போகும், பொறுமையும் போகும். கடற்கரைச் சாலையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியில் வாடகை அதிகம். நேரு வீதி, மிஷன் வீதி, காந்தி வீதிப் பக்கம் குறைவு, அங்கிருந்தும் கடலுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷ நடைதான். அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள் சுத்தமாகவும் நியாயமான வாடகையிலும் இருக்கும், ஆனால் புகையும் மதுவும் கூடாது, இரவு குறித்த நேரத்துக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். எங்கள் வீட்டுக்கு அது ஒத்துப்போகிறது.

கேட்க வேண்டியவை: லிஃப்ட் உண்டா, கரண்ட் போனால் ஏ.சி. ஓடுமா, கார் நிறுத்த இடம் உண்டா, செக்-இன் எத்தனை மணிக்கு. இந்தக் கடைசிக் கேள்விதான் பெரிது. நீங்கள் பதினோரு மணிக்குப் போய் நிற்க, அறை இரண்டு மணிக்குத்தான் என்றால் அந்த மூன்று மணி நேரமும் உச்சி வெயில். எல்லாப் பெரியவர்களுடைய ஆதார் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மூட்டை கட்டுவது

பருத்தித் துணி. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பயணத்துக்கென்று வாங்கும் பாலியஸ்டர் சட்டையும் பளபளக்கும் புடவையும் கடலோரப் புழுக்கத்தில் உடம்பை வேகவைத்துவிடும். கடலில் நனையத் தனியாக இரண்டு பழைய உடுப்பு, இரண்டு பழைய துண்டு, ஈரத்துணி வைக்க ஒரு பெரிய பிளாஸ்டிக் பை, அகலமான தொப்பி, குடை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து, வழக்கமாகப் போடும் மாத்திரைகள். சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30க்கு மேல் இருக்கட்டும், வெளியே போகக் கால் மணி நேரம் முன்பே தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். நம்ம நிறத்துக்கு அதெல்லாம் எதற்கு என்பார்கள். மூன்றாம் நாள் தோள்பட்டை எரிந்து துண்டு போட முடியாமல் போகும்போது தெரியும்.

அப்புறம் செருப்பு. நம் பக்கம் தோல் செருப்பு நல்லதாகவும் மலிவாகவும் கிடைப்பதால் அதையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். என் மாமா ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவர். கடலில் நனைந்த என் செருப்பை வாங்கி விரலால் வளைத்துக் காட்டினார். மேல் தோல் பலகை மாதிரி விறைத்திருந்தது, மடிப்பில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு, அந்தக் கோட்டின் மேலேயே மயிரிழை போல வெடிப்பு. தோலில் ஊறவைத்த எண்ணெயை உப்புத் தண்ணீர் எடுத்துவிடுகிறது என்றார். நனைந்துவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, ஈரம் முழுதும் போகும் முன் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். அதற்கெல்லாம் இடம் கொடுக்காமல் ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மூன்று நாளும் எப்படி

முதல் நாள் பயணமும் ஓய்வும் மட்டும். செஞ்சியில் நின்றால் பத்தரை, பதினொன்றுக்குப் போய்ச் சேர்வீர்கள். சாப்பிட்டுத் தூங்குங்கள். நாலரைக்கு எழுந்து மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைச் சாலைக்கு நடங்கள். முன்பு போய் வந்த பிள்ளைகள் வாசலில் யானையைத் தேடும். லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது, முன்பே சொல்லிவிடுங்கள். மாலை ஆறு மணியிலிருந்து கடற்கரைச் சாலையில் வண்டி ஓடாது, மறுநாள் காலை ஏழரை வரை நடக்கிறவர்களுக்கு மட்டும்தான். பிள்ளைகளைக் கையைப் பிடிக்காமல் விடக்கூடிய சாலை நம் வாழ்க்கையில் எத்தனை இருக்கிறது? காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. காலையில் பார்த்த ஊரின் கல் சாயங்காலம் கடலோரத்தில் நிற்கும்.

இரண்டாம் நாள்தான் முழு நாள். ஜனவரியில் ஆறரைக்கும் மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்கும் சூரியன் உதிக்கும், அதற்கு அரை மணி முன்பே கரையில் இருங்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே உள்ள மணலில் உட்காரலாம். அந்த மணலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இந்தக் கடற்கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கல் தடுப்புக் கட்டியதும் மணல் அங்கேயே நின்றுவிட்டது, வடக்கே இருந்த நகரக் கடற்கரையை அலை தின்றுவிட்டது. கடைசியில் கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். நாம் பல வருஷம் பார்த்தது அந்தப் பாறைச் சுவரைத்தான். பிறகு தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் தடுப்பு அமைத்த பின் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. ஒரு தலைமுறை தொலைத்த மணலில் இப்போது பிள்ளைகள் வீடு கட்டுகிறார்கள்.

எட்டரைக்கு அறை, குளியல், டிபன். எட்டரையிலிருந்து நாலரை வரை கூரைக்குக் கீழே என்றேனே, அதற்குப் புதுச்சேரியில் குறையே இல்லை. அரவிந்தர் ஆசிரமத்தில் பேசாமல் உட்காரலாம், நடுப்பகலில் மூடுவார்கள் என்பதால் முதலில் அங்கே போங்கள், கைக்குழந்தையோடு உள்ளே விட மாட்டார்கள். அடுத்து அருங்காட்சியகம். அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மதுச் சாடித் துண்டுகளும் மணிகளும் அங்கே இருக்கின்றன. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம் அரிக்கமேடு. அரிக்கமேட்டுக்கே போனால் மாமரங்களும் இடிந்த செங்கல் சுவரும்தான், பொருட்களைப் பார்க்க அருங்காட்சியகமே நல்லது. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908இல் ஆங்கிலேயர் பிடியிலிருந்து தப்பிப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்தவர் 1918 வரை இங்கேதான் இருந்தார். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. தமிழ் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த இரண்டையும் விடாதீர்கள்.

சாயங்காலம் கடற்கரையை விட்டுக் கொஞ்ச நேரம் தெருக்களில் நடங்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாகப் பிரெஞ்சு வீடுகள், மேற்கே திண்ணையும் மரத்தூணுமாகத் தமிழ் வீடுகள். எல்லாரும் கிழக்கில் மட்டும் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த பகுதி மேற்கேதான், எனக்கு அந்தத் தெருக்கள்தான் அதிகம் பிடிக்கும்.

மூன்றாம் நாள் காலை நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகுத்துறை. படகில் போய் இறங்கும் மணல்திட்டு அழகாக இருக்கும், நிழல் கொஞ்சம்தான், அதனால் திறந்ததும் முதல் படகில் போய் வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். ஆரோவில் போக ஆசைப்படுகிறவர்கள் சுண்ணாம்பாற்றை விட்டுவிட்டு அங்கே போகலாம். அங்கே உள்ள தியான மண்டபமான மாத்ரி மந்திருக்குள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், தூரத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கு மரநிழலில் நடக்க வேண்டும். இரண்டையும் ஒரே காலையில் திணிக்காதீர்கள்.

ஏழாம் படி: கடலில் இறங்கும்போது

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நமக்குக் கிணறு தெரியும், ஏரி தெரியும், அமிர்தி நீர்வீழ்ச்சி தெரியும். அங்கே நீச்சல் பழகியவர்கள்தான் கடலில் அதிகம் தைரியம் காட்டுகிறார்கள். ஏரித் தண்ணீர் நம்மை இழுக்காது, கடல் இழுக்கும்.

அக்காவின் சின்னப் பையன் கணுக்கால் தண்ணீரில் எங்களைப் பார்த்து, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு அலை வந்து முழங்காலைத் தொட்டது, பரவாயில்லை. அது திரும்பிப் போகும்போதுதான் குதிகாலுக்குக் கீழே இருந்த மணலைக் கரண்டியால் தோண்டியது போல எடுத்துக்கொண்டு போனது. பின்பக்கமாகச் சாய்ந்தான். அடுத்த அலை அவன் தலைக்கு மேல். அத்தான் பக்கத்திலேயே இருந்ததால் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். எல்லாம் சேர்த்துப் பத்து விநாடி இருக்காது.

அதனால் கடலுக்கு முதுகைக் காட்டி யாரும் நிற்க வேண்டாம். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில். தண்ணீரில் நிற்கும் பெரியவர் கையில் போன் வேண்டாம். முழங்காலுக்கு மேல் யாரும் போக வேண்டாம். கரைப் பாறைகளில் பாசி வழுக்கும், போட்டோவுக்காகக் கூட ஏறாதீர்கள். குளிக்கத் தடை என்று பலகை இருந்தால் அங்கே இறங்காதீர்கள், ஆள் போன பிறகுதான் அந்தப் பலகை வந்திருக்கும்.

இழுப்பு எங்கே இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்காவது வழி கண்டுபிடித்துத் திரும்பித்தானே ஆக வேண்டும். அந்த வழியில் ஆழம் அதிகம், அலை உடையாது, அதனால் இரண்டு பக்கமும் நுரைத்துக்கொண்டிருக்க நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். அமைதியாக இருக்கிறதே என்று நம் ஆட்கள் தேடிப்போய் இறங்குவது அங்கேதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டிய பிறகு கரைக்குத் திரும்புங்கள், முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். கரையில் இருக்கிறவர் காப்பாற்றுகிறேன் என்று குதிக்க வேண்டாம், மிதக்கக்கூடிய எதையாவது வீசுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள். வலை உலர்த்திக்கொண்டிருக்கும் அண்ணன்களிடம் இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது, எங்கே கால் நனைக்கலாம் என்று முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டால் நேராகச் சொல்லிவிடுவார்கள்.

வெயிலில் யாருக்காவது தலை சுற்றி, பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் உடம்பு முழுக்கத் துடைத்து, விசிறிக்கொண்டே 108க்கு அழையுங்கள். நம்மூருக்கு சி.எம்.சி. போல அங்கே ஜிப்மர் ஆஸ்பத்திரி, கோரிமேட்டில் திண்டிவனம் சாலை மேலேயே இருக்கிறது.

எட்டாம் படி: சாப்பாடு

மீன் குழம்புச் சாப்பாட்டை மதியமே முடியுங்கள், அன்றைக்கு வந்த மீன் அப்போதுதான் புதிதாக இருக்கும். சங்கரா வறுவலும் நெத்திலியும் வஞ்சிரத்தைவிட விலை குறைவு, ருசியில் குறைவில்லை. காலையில் ஏதாவதொரு பழைய பேக்கரியில் அடுப்பிலிருந்து வந்த நீள பிரெட் கேளுங்கள், மேலே மொறுமொறுவென்று உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். ஆம்பூர் பிரியாணிக் கணக்கில் அங்கே பிரியாணி தேடாதீர்கள். இளநீர் நாளைக்கு இரண்டு. சரக்குப் பாட்டில் வாங்கி வண்டியில் போட்டு வருவது மட்டும் வேண்டாம், எல்லையில் சோதனைச் சாவடி உண்டு, குடும்பத்தோடு நிற்க நேரும்.

கடைசிப் படி: திரும்புவது

மதியச் சாப்பாடு முடித்து, அறை வாடகை கணக்கு தீர்த்து, மூன்று மணிக்கு மேல் கிளம்புங்கள். மேற்கு நோக்கி வருவதால் வெயில் முகத்திலேயே அடிக்கும், முன் சீட்டில் இருக்கிறவருக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும். நேரம் இருந்தால் மயிலம் முருகனைக் கும்பிட்டு வரலாம், அல்லது திருவக்கரையில் வக்கிரகாளியம்மன் கோயிலும் பக்கத்தில் கல்மரங்களும். சுமார் இரண்டு கோடி வருஷம் முன்பு மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரங்கள் அவை. இரண்டுமே திண்டிவனத்துக்கு முன்னால் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கடல் நனைந்த துணியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். காரின் அடிப்பக்கத்தையும் சக்கரத்தையும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், உப்பு இரும்பைத் தின்னும். பிள்ளைகள் டவுசர் பையில் கொண்டுவந்த சங்கையும் சிப்பியையும் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பாருங்கள். உள்ளே பூச்சி இருந்தது ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் நாலு நாள் கிடந்து வீடெல்லாம் நாறிவிட்டது. நல்லதை மட்டும் வெந்நீரில் போட்டு எடுத்து, மொட்டை மாடியில் நம்மூர் வெயிலில் காயவையுங்கள், ஒரே நாளில் காய்ந்துவிடும்.